மூன்று பாகம் உயரப் பந்தல்

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்கு மேல் தட்டெழுத்தில் ஹையர் வேறு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எப்படியும் பத்து வரிக்குள் நான் சொல்லிவிடுவேன் என்பது அக்காவின் கணிப்பு. அவளை ஏன் காக்க வைக்க வேண்டும்?

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. அங்கே பெண் என்று இருந்தது நானும், சுவர் காலண்டரில் சோப்பைக் காட்டிச் சிரித்த ஒருத்தியும்தான். மேனேஜர் நாசரேத்துக்காரர். அவர் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து எல்லாரும் வாத்தியார்கள். அதனால் என் படிப்பைப் பார்த்து அவர் வாயைப் பிளக்கவில்லை. அதில் எனக்குச் சின்ன மனக்குறை உண்டு. ஆனாலும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் தெருவில் என்னை "ஏளா" என்று கூப்பிடாத ஒரே ஜீவன் எங்கள் ஆடு.

பஞ்சு, உப்பு, கோதுமை என்று அடித்துப் பழகிய என் விரல்களுக்கு ஒரு நாள் பாய்லர் டிரம் ஒன்று வந்து சேர்ந்தது. மேற்கே கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலைக்காகச் சீமையிலிருந்து கப்பலில் வருகிற இரும்பு உருளை. பிரித்து அனுப்ப முடியாதாம். ஒரே துண்டாகத்தான் வரும். எடையை அடித்தபோது பூஜ்யம் ஒன்று கூடிவிட்டதோ என்று மூலத் தாளை மறுபடி பார்த்தேன். கூடவில்லை.

இதை எந்த வழியாகக் கொண்டுபோவது என்று எஞ்சினியர்கள் தெருத் தெருவாக நடந்தார்கள். பெரிய ரோட்டில் ஒரு பழைய பாலம் இந்தப் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்தது. ஆகவே கடலை ஒட்டிய தெருக்கள் வழியாகச் சுற்றிப் போய் மேற்கே திரும்புவது என்று முடிவாயிற்று. அந்தத் தெருக்களின் பெயர்களை வரிசையாக அடித்துக்கொண்டே வந்தவள் ஒரு பெயரில் நின்றுவிட்டேன். எங்கள் தெரு.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை.

"பொண்ணு வேலைக்குப் போனா எல்லாரு வீட்டுலயும் சம்பளம் வரும். நீ போனா நம்ம வீட்டுக்கு பாய்லர் வருதாக்கும்" என்றாள்.

அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் கீழவைப்பார். இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்கள் ஏதேதோ சகுனத்தடை சொல்லிக் கலைந்திருந்தன. ஒன்று பல்லி விழுந்து. இன்னொன்று பெண் பார்க்க வந்தவர்களின் கார் பஞ்சராகி. அதனால் இந்தக் கல்யாணம் முடிகிற வரை வீட்டில் யாரும் பலமாகத் தும்மக்கூடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். பாய்லர் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே எங்கள் தெருவைத் தாண்டிவிடும் என்று மேனேஜர் சொன்னதால் நானும் நிம்மதியாக இருந்தேன்.

கப்பல் தாமதமாக வந்தது. எங்கேயோ ஒரு துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் நங்கூரம் போட்டுக் கிடந்ததாம்.

அது வந்து கட்டிய அன்று அப்பா, மாமா, தெருவில் பாதிப் பேர் எல்லாரும் வேடிக்கை பார்க்கத் துறைமுகத்துக்குள் வந்துவிட்டார்கள். எப்படி வந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அப்பா கொழும்புக்குப் பாய்விரித்துப் போகும் தோணியில் தண்டல். தோணிக்கு அவர்தான் தலைவர். அப்படிப்பட்டவருக்குத் துறைமுகத்தில் வழி சொல்ல நான் யார்?

கப்பலின் பெரிய பளுதூக்கி உருளையைத் தூக்கிக் கரைப்பக்கம் நீட்டியதும் கப்பலே எங்கள் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கவுந்துரும் போலுக்கே அத்தான்!" என்றார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. அப்பாவின் தோணியில்தான் வேலை.

"சாயட்டும்ல. சாயாத கப்பலத்தான் நம்பக்கூடாது" என்றார் அப்பா.

உருளை மெல்ல இறங்கி, தரையோடு தரையாகக் கிடந்த நீள டிரெய்லரில் உட்கார்ந்தது. டிரெய்லரின் அத்தனை சக்கரங்களும் ஒன்றாக நசுங்கி முனகின. கப்பல், சுமையை இறக்கிவைத்தவளைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டது. உருளையின் வயிற்றில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு, பக்கத்தில் ஏதோ இங்கிலீஷில் எழுதியிருந்தது. அப்பா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"அதுல என்ன போட்டிருக்கு மக்ளே?"

"இந்தப் பக்கம் மேலே இருக்கணும்னு போட்டிருக்குப்பா. அந்தக் கோட்டுக்கு நேராத்தான் கனம் எல்லாம் கூடி நிக்குதாம்."

"கேட்டியளா?" என்றார் அப்பா, கூட்டத்தைப் பார்த்து. பாரத்தைவிட அந்தப் பெருமைதான் அன்று அவருக்குக் கனம்.

இனி வந்த சிக்கலைச் சொல்கிறேன். வழியில் இருக்கும் மின்கம்பிகளையெல்லாம் கழற்றி, பாரம் போனபின் திரும்ப மாட்ட வேண்டும். அதற்கு மின்சாரத்துறை ஒரே ஒரு புதன்கிழமையைத்தான் கொடுத்தது. அக்காவின் கல்யாணமும் அதே புதன்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மாதா கோயிலில் கல்யாணப் பூசை.

எங்கள் தெருவில் கல்யாணப் பந்தல் என்றால் தெருவை மறித்துத்தான். வீட்டுக்கு முன்னால் வேறு இடம் கிடையாது. அதுவும் தோணிக்காரர் வீட்டில் கீற்றுப் பந்தல் போட்டால் கேலி செய்வார்கள். தெருவின் இரண்டு பக்கமும் தோணியின் நெடுங்கம்புகளை நட்டு, குறுக்கே பருமல் என்கிற பாய் தாங்கும் கட்டையைக் கப்பியில் ஏற்றிக் கட்டி, தோணியின் பாயையே மேலே விரித்துவிடுவார்கள். வெயிலும் இறங்காது, மழையும் இறங்காது. பாயில் பழைய சரக்கு மிளகாயின் காரல் நெடி மட்டும் லேசாக வரும்.

"டிரெய்லரோட சேத்து பாய்லர் பதினாறு அடி உயரம்ப்பா" என்றேன்.

"பதினாறு அடியா? ரெண்டே முக்கா பாகம் வராது. மூணு பாகத்துல பந்தலப் போட்டா அடியில ராசா மாதிரி போயிரும். போயி ஒங்க மேனேஜர்ட்ட சொல்லு, தண்டல் சொல்லுதாருன்னு."

இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம். கயிறு, வலை, கடலின் ஆழம் எல்லாம் எங்கள் ஆட்களுக்கு அதில்தான். நான் மேனேஜரிடம் சொன்னேன். அவரும் எஞ்சினியரிடம் சொன்னார். எல்லாருக்கும் சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை அப்பா கோயில் வேலையாகப் போய்விட, மாமா நின்று பந்தலைப் போட்டார்.

கல்யாணத்தன்று காலையிலேயே அம்மா என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். சந்தையில் ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லையாம். எல்லாவற்றையும் பாய்லர்க்காரர்கள் வாங்கிவிட்டார்களாம். அது உண்மைதான். டிரெய்லர் ஓட்டி வந்த சேலத்துக்காரர் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பழம் வைத்து நசுக்கினால்தான் வண்டியை எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். டிரெய்லருக்கு எத்தனை சக்கரம் என்று அப்போதுதான் அலுவலகம் யோசித்துப் பார்த்தது.

"ஒங்க ஆபீசுக்கு சர்பத் குடிக்கணும்னா சொல்லிட்டுக் குடிக்கணும்ளா" என்றாள் அம்மா.

உச்சிப்பொழுதுக்குள் வந்துவிட வேண்டிய பாரம், மூன்றரை மணிக்குத்தான் எங்கள் தெருமுனையில் தலை காட்டியது. முன்னால் சிவப்புக் கொடியோடு போலீஸ் ஏட்டு. அவருக்குப் பின்னால், சுமையின் உயரத்துக்கு வெட்டிய மூங்கிலை நிமிர்த்திப் பிடித்தபடி ஓர் ஆள். மூங்கில் எதிலாவது தட்டினால் வண்டி நின்றுவிட வேண்டும். அதற்கும் பின்னால் இழுக்க ஒரு வண்டி, நடுவில் டிரெய்லர், பின்னாலிருந்து தள்ள இன்னொரு வண்டி. கடைசியில் ஜீப்பில் எங்கள் மேனேஜர், குடை பிடித்தபடி. ஜீப்பின் சத்தம் கேட்டு நான் பட்டுச்சேலையோடு வாசலுக்கு ஓடினேன்.

டக்கென்று மூங்கில் பருமலில் தட்டியது.

மூங்கில்காரர் ஓரடி பின்னால் வந்து, மறுபடி முன்னால் போனார். மறுபடி டக். மூங்கிலின் மேல்நுனி பருமலுக்கு அடியில் நுழையவே மாட்டேன் என்றது.

டிரெய்லரை ஒட்டி ஓரமாகப் புகுந்து ஜீப் வந்து நின்றது. "மிஸ், அடியில போயிரும்னு உங்க அப்பா சொன்னாங்களே?" என்றார் மேனேஜர்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமாவைப் பார்த்தார். "ஏலே, மூணு பாகம்தானல போட்ட?"

"மூணு பாகம்தான் அத்தான். ஒரு விரக்கடை கொறையாது."

"எங்க, கைய விரி."

மாமா விரித்தார். அப்பாவும் அவர் முதுகோடு முதுகாக நின்று விரித்தார். தெருவே பார்த்தது. அப்பா எல்லா நிலைப்படியிலும் குனிந்து வருகிற ஆள். மாமா எந்த நிலைப்படியிலும் குனிந்ததில்லை. அப்பாவின் விரல்கள் மாமாவின் விரல்களைத் தாண்டி இரண்டு பக்கமும் அரையடி நீட்டிக்கொண்டு நின்றன. கல்யாண வீட்டில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகுதான் பாய்லரைப் பார்த்தார்கள்.

"பந்தல இறக்குங்க" என்றார் ஏட்டு. "அஞ்சு மணிக்குள்ள கம்பியெல்லாம் திரும்ப மாட்டணும். பாதி ஊரு கரண்டு இல்லாம கெடக்கு."

"இறக்கப்படாது!"

இது வீட்டுக்குள்ளிருந்து வந்த குரல். பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போகக் கீழவைப்பாரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, தாம்பாளத்தைக் கையில் ஏந்தியபடியே வாசலுக்கு வந்துவிட்டார்.

"எந்தப் பந்தல்ல இருந்து பொண்ணு கெளம்புதாளோ, தாலியோட அதே பந்தலுக்குத் திரும்பணும். நடுவுல பந்தலு எறங்கிச்சின்னா கல்யாணமே எறங்கிச்சின்னு அர்த்தம். எம் மவன் கோயில்ல காத்திருக்கான். அவன நான் அங்கன இருந்தே ஊருக்குக் கூட்டிட்டுப் போவவும் தயாரு."

அம்மா உள்ளே அழ ஆரம்பித்தாள். ஏட்டு கொடியைச் சுருட்டிக்கொண்டு டிரைவரிடம் போனார். "அப்ப நீங்க தெருமுனை வரைக்கும் வண்டியப் பின்னால எடுங்க."

சேலத்துக்காரர் ஜன்னலில் கையை வைத்தபடி நிதானமாகச் சொன்னார். "பழம் நசுக்கிட்டுக் கிளம்புன வண்டி ஒரு சாணும் பின்னால போகாதுங்க. போனா ஆகாதுங்க. அதுவுமில்லாம, இத்தன நீளத்த அந்த முக்குல பின்னால திருப்ப எங்க அப்பன் வந்தாலும் முடியாதுங்க."

ஆக, பந்தல் இறங்காது, வண்டி திரும்பாது. நடுவில் என் அலுவலகமும் என் வீடும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. மேனேஜர் குடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து அக்கா என்னைப் பார்த்தாள். வெள்ளைச் சேலையும் தலையில் நெட் துணி முக்காடுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. என் நினைவு தெரிந்து அவள் முகத்தில் கேலி இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். பல்லிக்கும் பஞ்சருக்கும் அடுத்து மூன்றாவதாக ஒரு பாய்லர் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனேன்.

"அத்தை, பந்தல இறக்கத்தான கூடாது?"

"ஆமா."

"ஏத்தலாமா?"

அவர் தாம்பாளத்தை இடுப்புக்கு மாற்றினார். கீழவைப்பாரின் சாஸ்திரம் முழுவதையும் மனசுக்குள் புரட்டுகிறார் என்று தெரிந்தது. பந்தல் இறங்கினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஏறினால் என்ன ஆகும் என்று யாருமே எங்கேயும் சொல்லி வைக்கவில்லை.

"ஏறுமுகம்தான?" என்றேன்.

"ஏறுமுகம் நல்லதுதான்" என்றார் மெதுவாக. பிறகு விரலை உயர்த்தி, "ஆனா ஏத்தும்போது ஒரு நூலும் கீழ வரப்படாது" என்றார்.

"அத்தான், காத்து!" என்றார் மாமா. அவர் பயம் வேறு. நெடுங்கம்புகளுக்கு உயரம் இருந்தது, கப்பியும் கயிறும் இருந்தன, ஏற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் ஓட்டு வீடுகளின் கூரைக்குக் கீழே இருக்கிற வரைதான் அது பந்தல். கூரையைத் தாண்டிவிட்டால் மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து வரும் காற்றுக்கு அது தோணியின் பாய்தான். பிய்த்துக்கொண்டு கம்பு சாய்ந்துவிட்டால் பந்தல் இறங்குவது என்ன, படுத்தே விடும்.

"பாயப் பிடிக்கத் தெரியாதவனெல்லாம் வந்தா இந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்கான்?" என்றார் அப்பா. பிறகு குரலை உயர்த்தினார். "ஏலே, கீழவைப்பாருக்காரவுகளும் வாங்க! கயிறு ஒங்களுக்கும் உண்டு!"

மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் சட்டையைக் கழற்றி ஜீப்பின் மேல் போட்டார்கள். மேனேஜரின் மடியிலும் இரண்டு சட்டைகள் விழுந்தன. ஒவ்வொரு கம்பின் அடியிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டமாக நின்றார்கள். பேண்டு வாத்தியக்காரர்களுக்கு என்ன தோன்றிற்றோ, யாரும் கேட்காமலே பெண் அழைப்புக்கு வாசிக்கிற பாட்டை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"எல்லாரும் ஒண்ணுபோல! ஒரு பக்கம் தாழ்ந்துச்சோ, சம்பந்தி அம்மாட்ட நாந்தான் பதில் சொல்லணும்! இழு!"

பாய் ஏறியது. கலர்த் தாள்களும் பல்பு மாலையும் மாவிலையும் ஒன்றாக ஏறின. கார் பேட்டரியில் ஓடிய ஒலிபெருக்கிக் குழாயும் ஏறியது. அதன் வயர் பத்தாமல் போக, பாடிக்கொண்டிருந்தது சட்டென்று ஊமையானது. கூரைகளைத் தாண்டியதும் காற்று பாயின் அடியில் புகுந்தது. படாரென்று ஒரு சத்தம். மொத்தப் பந்தலும் வயிறு உப்பி மேற்கே பார்த்தது. கம்புகள் கிறீச்சிட்டன. மாமா கயிற்றோடு தரையை விட்டு ஒரு சாண் எழும்பினார்.

"ஏலே, எம் மச்சினனப் பிடிங்கல!" என்று அப்பா கத்தினார். இரண்டு கீழவைப்பார்க்காரர்கள் மாமாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் தெரு அப்படியே நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு சாத்தான்குளம் பக்கமாகப் புறப்பட்டுவிடும் போல இருந்தது.

ஒரு நூலும் கீழே வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தை இடுப்பில் வைத்தபடி அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூங்கில்காரர் பந்தலுக்கு அடியில் நடந்தார். தட்டவில்லை. ஏட்டு கொடியை அசைத்தார். பாய்லர் மெல்ல உள்ளே வந்தது. பகல் வெளிச்சம் போய் வாசலெல்லாம் இருண்டது. உருளையின் முதுகு பல்பு மாலைக்கு ஒரு சாண் கீழே ஊர்ந்தது. நடுவில் தொங்கிய பெரிய காகிதப் பூமாலை மட்டும் தாழ்வாக இருந்ததால் அதன் தலையில் மாட்டி, அறுந்து, கூடவே கிளம்பிவிட்டது. கடைசிச் சக்கரம் தாண்டியபோது கயிற்றைப் பிடித்திருந்தவர்களால் கைதட்ட முடியவில்லை. அதனால் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"ஏளா" என்று அக்கா கூப்பிட்டாள். "ஒன் எஸ்.எஸ்.எல்.சி.ல இதத்தான் சொல்லிக்குடுத்தாவளா?"

அவள் முகத்தில் கேலி திரும்பி வந்திருந்தது.

கயிறுகளை இறுக்கிக் கட்டிவிட்டுக் கோயிலுக்குப் புறப்பட்டோம். எங்களுக்கும் பாய்லருக்கும் கொஞ்ச தூரம் ஒரே வழி. அது போகிற வேகத்துக்குத்தான் நாங்களும் போக முடிந்தது. முன்னால் சிவப்புக் கொடி, பிறகு மாலை போட்ட பாய்லர், அதற்குப் பின்னால் பேண்டு வாத்தியம், அப்புறம் அக்கா. அடுத்த தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"என்னளா இது, முன்னால போவுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளையின் அம்மா முந்திக்கொண்டார்.

"பொண்ணு வீட்டுச் சீரு" என்றார், ரொம்பச் சாதாரணமாக. "கொஞ்சம் பெருசு. அதான் மெதுவா வருது."

கோயில் முக்கில் பாய்லர் மேற்கே திரும்பிப் போய்விட்டது. அக்கா உள்ளே போனாள். பூசை கொஞ்சம் தாமதமாகத் தொடங்கி, கொஞ்சம் தாமதமாக முடிந்தது. தாலியோடு நாங்கள் திரும்பி வந்தபோது பந்தல் நின்றுகொண்டிருந்தது, நல்ல உயரத்தில், காற்றில் விம்மிக்கொண்டு.

மாமா கயிற்றை அவிழ்க்கப் போனார். "தாலிதான் கட்டியாச்சே. பழைய உயரத்துக்கே விட்டுருவோம். காத்து பிச்சு எடுக்குது."

"ஏறினது ஏறினதாவே இருக்கட்டும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அதனால் அன்று விருந்து சாப்பிட்ட எல்லாரும் இடது கையால் இலையை அழுத்திப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அப்பளம் பரிமாறியதும் பறந்தது. பாய்லரை ஊர் எல்லை வரை அனுப்பிவிட்டுத் திரும்பிய மேனேஜரை நான் முதல் பந்தியில் உட்கார வைத்தேன். அவர் இலையின் ஒரு பக்கத்தைத் தண்ணீர் டம்ளராலும் மறு பக்கத்தை மடக்கிய குடையாலும் அழுத்தி வைத்திருந்தார். எதிர்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா, முழங்கையால் இலையைப் பிடித்தபடி, பறந்து வந்த யாருடைய அப்பளத்தையோ எட்டிப் பிடித்து, நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டிருந்தார்.